ஆறாம் பாகத்தில் கை வைத்தவர்கள்

அந்த ஓட்டலில் அவளை எல்லோரும் லினன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவரான மேனேஜரின் வாயிலும் அதே அக்காதான். மாடி அறைகளுக்குப் போகிற படுக்கை விரிப்பு, தலையணை உறை, குளியல் துண்டு எல்லாம் அடித்தளத்தில் அவள் ஆளுகிற அறையிலிருந்துதான் போயாக வேண்டும். அழுக்காகி அங்கேதான் திரும்பி வந்தாக வேண்டும். ஒரு பக்கம் துவைக்கிற இயந்திரங்கள், இன்னொரு பக்கம் விரிப்பை விழுங்கிச் சுருக்கமில்லாமல் துப்புகிற இஸ்திரி உருளை, நடுவில் மடிக்கிற மேசை. காலையில் உள்ளே வந்தால் மாலை வரை சத்தமும் வெக்கையும்தான்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் மேலே கேன்டீனுக்கு ஏறிவிடுவார்கள். அக்கா ஏற மாட்டாள். இயந்திரங்கள் நின்று காது ஓய்ந்திருக்கும் அந்த நேரத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அடுக்கி வைத்த துண்டுகளில் முதுகைச் சாய்த்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு, 'உப்புக் கதவு' படிப்பாள்.

'உப்புக் கதவு' ஒரு தொடர் நாவல். கலங்கரை விளக்கத்தை ஒட்டிய சின்ன ஆஸ்பத்திரியில் தனியாக இருக்கும் ஒரு டாக்டரம்மா. நூறு வருஷத்துக்கு முன்னால் தன் கப்பலோடு மூழ்கிப்போன ஒரு கேப்டன். கடல் உள்வாங்கும் நேரத்தில் மட்டும் அவனால் கரையில் கால் வைக்க முடியும். நீர் ஏறத் தொடங்கினால் கிளம்பிவிட வேண்டும். கதை இவ்வளவுதான் என்று சொன்னால், அதைப் படித்தவர்கள் அடிக்க வருவார்கள். ஐந்தாம் பாகத்தின் முடிவில், டாக்டரம்மாவின் உயிரைக் காப்பாற்றுவதற்காகக் கேப்டன் தன் நினைவுகளை எல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டான். அந்த இடத்தில் கதையை அறுத்துவிட்டு, எழுதியவர் இரண்டு வருஷம் வாயே திறக்கவில்லை. அக்கா இரண்டு வருஷமும் அவரை வாயார வைதுகொண்டிருந்தாள்.

ஒருவழியாக ஆறாம் பாகம் வந்தது. புத்தகக் கடைக்காரர் போன் பண்ணிச் சொன்ன அன்றைக்கே வேலை முடிந்த கையோடு போய் வாங்கிவந்தாள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் முடித்துவிடக் கூடாது என்று தனக்குத் தானே கட்டளை போட்டுக்கொண்டாள். பகலில் ஓட்டலில் ஓர் அத்தியாயம், சாயங்காலம் வீட்டில் ஓர் அத்தியாயம். அதற்கு மேல் தொட மாட்டாள். தொடாமல் இருப்பதிலேயே ஒரு சுகம் இருந்தது.

இந்தச் சுகத்தில் அவளுக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. பக்கத்து அறையில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர் ஆபரேட்டர். போன வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர், ஒல்லியான மனுஷர். எந்நேரமும் நீராவிக்கு நடுவிலிருந்து திடீரென்று எதிரே வந்து நிற்பதால் அவருக்கு ஆவி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் ஆவி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவருக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் கிடையாது. ஆனால் கதை வேண்டும். "கேப்டன் வந்தாராக்கா?" என்று தினமும் கதவருகில் வந்து நின்று கேட்பார். அக்கா அன்றைய அத்தியாயத்தைச் சொல்லி முடித்தால்தான் அழுத்தமானியைப் பார்க்கப் போவார்.

வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை. மகன் லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளைப் பரிசோதிப்பது அவன் வேலை. மருமகளுக்கு ஒரு பெரிய அலுவலகத்தில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற, அவர்களுடைய குறைகளைக் கேட்கிற பிரிவில் வேலை. ரயில் ஓட்டுநராக இருந்த கணவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகனும் மருமகளும் நல்ல மாதிரிதான். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. அதனால்தான் பின்னால் நடந்ததை அக்காவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

எல்லாம் ஒரு சாயங்காலத்தில் ஆரம்பித்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து அன்றைய அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். நினைவு போன கேப்டன், கையில் ஒரு வெட்டுக் காயத்தோடு டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். அவள் தையல் போடுகிறாள். "நாம் இதற்கு முன்னால் சந்தித்திருக்கிறோமா?" என்று கேட்கிறான். அவள் கை நடுங்காமல் "இல்லை" என்கிறாள். அவன் எழுந்து வெளியே போகிறான். அந்த வாசலின் மேல் கட்டை தாழ்வானது. முதல் பாகத்தில் இடித்துக்கொண்டு அவன் நெற்றியில் ரத்தம் வந்த கட்டை. இப்போது அவன் நிமிர்ந்து பார்க்காமலே, அந்த இடம் வந்ததும் தானாகத் தலையைக் குனிந்துகொண்டு போகிறான்.

எழுதியவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. முதல் பாகம் படித்தவர்களுக்கு அது போதும். அவனுக்குத்தான் மறந்துபோச்சு, அவன் உடம்புக்கு மறக்கவில்லை. அக்கா புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை சந்தோஷமான அழுகை அவளுக்கு வந்து நாளாயிற்று.

மகன் தண்ணீர் குடிக்க வந்தவன் அப்படியே நின்றான். "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா. கதை."

அவன் புத்தகத்தை வாங்கிப் பின் அட்டையைப் படித்தான். 'செத்தவன் திரும்பி வந்து வாசலில் நின்றால், அவனை யார் என்று சொல்லி உள்ளே அழைப்பாள்?' என்று அங்கே போட்டிருந்தது. அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. புத்தகத்தை மேசையில் மெதுவாக, ஏதோ உடைகிற சாமானை வைப்பது போல வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமலே போய்விட்டான்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு விசித்திரமான பணிவு வந்துவிட்டது. மருமகள் கேட்காமலே டீ போட்டுக் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் எதிரே உட்கார்ந்துகொண்டாள். "மனசுல என்ன இருந்தாலும் எங்ககிட்ட சொல்லலாம் அத்தை," என்றாள். அக்காவுக்கு அப்போது மனசில் இருந்தது கேப்டனின் தையல் பிரிகிற நாள். அதைச் சொன்னால் இவளுக்கு என்ன புரியும் என்று டீயைக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் நின்று ஆவிக்குப் போன் பண்ணினாள். அவர் இரண்டு நாள் லீவு. அவருக்குப் பதிலாக வந்தவனுக்குக் கொதிகலனின் குணம் பிடிபடாமல், உருளை சூடேறாமல், ஒரு மாடி முழுக்க விரிப்பு போகத் தாமதமாகி மேனேஜர் கத்தியிருந்தார். "ஆவி, நீங்க இல்லாம என்னால ஒரு நாளை ஓட்ட முடியல," என்றாள் அக்கா. "எப்ப வருவீங்க? நாளைக்கு வந்துடுவீங்கல்ல? வாங்க, கேப்டன் விஷயமும் நிறைய இருக்கு." உள்ளேயிருந்து துணி உலர்த்த வந்த மருமகள், வாளியோடு அப்படியே திரும்பிப் போனதை அவள் கவனிக்கவில்லை.

புதன்கிழமை புத்தகத்தைக் காணவில்லை.

முதலில் தலையணைக்கு அடியில் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். ஓட்டலுக்குப் போனதும் ஒரு சந்தேகம் வந்தது. முந்தின நாள் துண்டு அடுக்கின் மேலே வைத்துவிட்டு வந்திருந்தால்? அழுக்குத் துணியோடு சேர்ந்து இயந்திரத்துக்குள் போயிருந்தால்? ஓடிக்கொண்டிருந்த இரண்டு இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி, சோப்பு நுரை வழியும் துணியில் கையை விட்டுத் தேடினாள். கூட இருந்தவர்கள் ஏதோ நகை தொலைந்துவிட்டது என்று நினைத்துத் தாங்களும் சேர்ந்து தேடினார்கள். புத்தகம் என்று தெரிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆவி மட்டும் உண்மையான துக்கத்தோடு, "எந்த இடத்துலக்கா விட்டீங்க? கேப்டன் டாக்டரம்மா வீட்டுக்குச் சாப்பிட வர்ற இடமா?" என்று கேட்டார்.

வீட்டில் கேட்டாள். "பார்க்கலையே அத்தை," என்றாள் மருமகள், காய் நறுக்குவதை நிறுத்தாமல். "நீ பார்த்தியாடா?" என்று மகனைக் கேட்டாள். அவன், "ரொம்பப் படிச்சுக் கண்ணெல்லாம் சிவந்திருக்கும்மா. வெள்ளிக்கிழமை கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம். நாங்க ரெண்டு பேரும் அரை நாள் லீவு போட்டிருக்கோம்," என்றான். கேட்ட கேள்விக்கு இது பதிலில்லையே என்று அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இரண்டு பேரும் லீவு போட்டார்களாமே என்று உள்ளூரக் கொஞ்சம் உருகியும் போனாள்.

வெள்ளிக்கிழமை அவர்கள் கூட்டிப்போன கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கண் எழுத்துப் பலகை எதுவும் இல்லை. கதவில் 'மனநல ஆலோசனை மையம்' என்று எழுதியிருந்தது. உள்ளே மெத்தென்ற சோபா, கைக்கெட்டும் இடத்தில் டிஷ்யூ பெட்டி, மூலையில் குமிழிவிடும் மீன் தொட்டி. ஆலோசகர் சின்ன வயதுப் பெண். அவளுடைய மேசை மேல், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் ஒட்டுத் தாள்கள் நீட்டிக்கொண்டிருக்க, ஆறாம் பாகம் கிடந்தது.

"உட்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம். அது என் புத்தகம்."

"ஆமா. உங்க மருமகள் கொண்டுவந்து கொடுத்தாங்க."

அக்கா மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். மருமகள் மீன்களைப் பார்த்தாள்.

"கண் டாக்டர்னு சொன்னே," என்றாள் மகனிடம்.

"உண்மையைச் சொன்னா வந்திருக்க மாட்டியேம்மா."

"வந்திருக்க மாட்டேன்தான். அதை நான் சொல்லணும். என்னைக் கேட்டுட்டு, என் வாயால நான் சொல்லணும்."

ஆலோசகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாமக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு எனக்கும் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். நீங்க இப்பவே கிளம்பலாம், தப்பே இல்ல," என்றாள்.

அந்தப் பெண்ணின் மேல் கோபப்பட முடியாமல் போனது. அக்கா சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். "கிளம்பத்தான் போறேன். அதுக்கு முன்னால நான் என்ன குத்தம் பண்ணேன்னு இவங்க சொல்லட்டும். என்னைப் பைத்தியம்னு முடிவு பண்ற அளவுக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கும் தெரியணும்."

"யாரும் அப்படிச் சொல்லல அத்தை," என்றாள் மருமகள். அவள் குரல் கனிந்திருந்தது. அவள் அலுவலகத்தில் நடந்த ஏதோ பயிற்சியில் கற்றுக்கொடுத்த குரல் அது. "செத்துப்போனவர் திரும்பி வர்ற கதை. அதை அழுதுகிட்டே படிக்கிறீங்க. பென்சில்ல கோடு வேற போட்டிருக்கீங்க." எழுந்து போய்ப் புத்தகத்தில் மஞ்சள் தாள் ஒட்டிய பக்கத்தைப் பிரித்து வாசித்தாள். "'நீ இல்லாத வீட்டில் கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.' இதுக்கு மட்டும் ரெண்டு கோடு. எனக்குப் படிக்கும்போதே கண்ணு கலங்கிடுச்சு."

"அந்தக் கடிகாரம் மூணாம் பாகத்துல புயல்ல விழுந்து நொறுங்கிடுச்சு. நொறுங்கின கடிகாரம் எப்படிடி பேசும்? எழுதினவங்களுக்கே மறந்துபோச்சு. பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம்னு கோடு போட்டு வெச்சேன்."

அடுத்த மஞ்சள் தாளைத் தேடிய மருமகளின் கை அப்படியே நின்றது. "எல்லாமே அதானா?"

"எல்லாமே அதான். இந்தப் பாகத்துல நிறைய இருக்கு."

மகன் தொண்டையைச் செருமினான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அது மட்டுமில்லம்மா. நீ ஆவிகூடப் பேசறே. ஞாயித்துக்கிழமை பால்கனியில நின்னு, ஆவி, நீங்க இல்லாம ஒரு நாளை ஓட்ட முடியல, எப்ப வருவீங்கன்னு கேட்டிருக்கே. இவ தன் காதால கேட்டா. அன்னைக்கு ராத்திரி பூரா நாங்க தூங்கல."

"அவர் பாய்லர் ஆபரேட்டர்டா."

மகன் தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தான்.

"ஓட்டல்ல கொதிகலன் பார்க்கறவர். நீராவிக்குள்ளயே கிடக்கறதால எல்லாரும் அப்படிக் கூப்பிடறோம். லீவுல இருந்தாரு. அவர் இல்லாம உருளை சூடேறல. என் கையில போன் இருந்துச்சே, அது உங்க கண்ணுல படலையா? பேய்க்கு யாராவது போன் பண்ணுவாங்களா?"

ஆலோசகர் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். சிரிப்பை அடக்குகிற முகம் இல்லை அது, யோசிக்கிற முகம். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் புத்தகத்துல உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் ஆவியைத் தவிர வேறு யாரும் கேட்காத கேள்வி. அக்காவுக்கு, தான் கோபமாக இருக்கிறோம் என்பதே ஒரு கணம் மறந்துபோனது.

"அவ அவன்கிட்ட எதையுமே சொல்ல மாட்டேங்கறா," என்றாள். "முந்தின அஞ்சு பாகத்துல நடந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். நமக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது. நீ என் புருஷன் மாதிரிடான்னு சொல்லி அழுதா அவன் நம்பிடுவான், கடமைக்காகக் கூடவே நின்னுடுவான். அது வேணாங்கறா. வந்தா தானா வரட்டும், முதல்லேர்ந்து வரட்டும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கா. அவன் அவகிட்ட, உங்களுக்குச் சர்க்கரை போடாத டீதான பிடிக்கும்னு கேட்கறான். அவ சொல்லவே இல்ல. எப்படித் தெரியும்னு அவனும் முழிக்கிறான், அவளும் முழிக்கிறா. அந்த இடத்துல நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். உடனே அடுத்த வரியைப் படிச்சா வீணாப் போயிடும்னு. புதுசா படிக்கறவங்களுக்கு அது வெறும் டீ. எனக்கு அது அஞ்சு பாகம்."

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆலோசகர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மகன், ரொம்ப மென்மையாக, "அதுல நீ அப்பாவைப் பார்க்கறியாம்மா?" என்றான்.

அக்கா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"முதல் பாகத்தை நான் வாங்கினப்ப உங்க அப்பா உயிரோட இருந்தாரு. பக்கத்துல படுத்துக்கிட்டு, விளக்கை அணைக்கறியா இல்லையா, காலையில எனக்கு வண்டி எடுக்கணும்னு கத்துவாரு. மூணாம் பாகம் வரைக்கும் கத்தினாரு. அவர் பேயா திரும்பி வந்தாலும் முதல் வேலையா வந்து விளக்கைத்தான் அணைப்பாரு. கேப்டன் கேப்டன்தான். உங்க அப்பா உங்க அப்பாதான். ரெண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தரை நினைச்சுக்கற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போகல."

"நான் அப்படிச் சொல்ல வரலம்மா."

"இன்னும் முடிக்கல. உங்க அப்பா போனப்ப ஒரே வாரத்துல நீ லிஃப்ட் பார்க்கக் கிளம்பிட்டே. இவ ஆபீஸ் கிளம்பிட்டா. அதைக் குத்தமாச் சொல்லல, வேலை இருக்கு, நானும்தான் விரிப்பு மடிக்கப் போனேன். சாயங்காலம் வந்து அவர் பேரை எடுத்தா நீ டிவியில சேனல் மாத்துவே. அழணும்னு தோணினா குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன். உங்களுக்குக் கேட்கக் கூடாதுன்னு. அப்ப யாரும் அரை நாள் லீவு போடல. மனசுல என்ன இருக்குன்னு டீ போட்டுக் கொடுத்துக் கேட்கல. அழுது, எழுந்து, நடமாடி, இப்பத்தான் நாலு பக்கம் சந்தோஷமா படிக்கிறேன். இதுக்கு ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு வந்து நிக்கறீங்க."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. ஆலோசகர் டிஷ்யூ பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். அதை அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மருமகளால் சும்மா இருக்க முடியவில்லை. அவளுக்கு யார் மனசையாவது ஆற்றிவிட வேண்டும்.

"தப்புதான் அத்தை," என்றாள். "எங்களுக்குப் பயம் வந்ததே அந்த முடிவாலதான். கடைசிப் பக்கத்துல அவர் திரும்பவும் கடலுக்கே போயிடறார். நீங்க அதைப் படிச்சா எப்படித் தாங்குவீங்கன்னுதான் நான் எடுத்து வெச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவளுக்கு லேசாகப் புரிந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

கண் டாக்டர் என்று பொய் சொன்னதைக்கூட அக்கா அந்த நிமிஷத்தில் மன்னித்திருப்பாள். இரண்டு வருஷம் காத்திருந்தவள். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் போகாமல் கையைக் கட்டிப்போட்டுக்கொண்டவள். அவளுக்கு இன்னும் நூறு பக்கம் பாக்கி இருந்தது. அந்த நூறு பக்கத்தையும், முன்னே பின்னே எதுவும் தெரியாத ஒருத்தி, கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டாள்.

அக்கா எழுந்தாள். மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்து, மஞ்சள் தாள்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து மேசை மேல் வைத்தாள். ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு ஆலோசகரிடம், "நீங்க நல்ல பொண்ணு. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். மற்ற இருவரிடமும் எதுவும் சொல்லாமல் படியிறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். அவர்கள் காரில் வந்து சேர்ந்தபோது அவள் அறைக் கதவு தாழிட்டிருந்தது.

அன்றைக்கும் மறுநாளும் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. திறக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு வரியிலும் அவன் போய்விடப் போகிறான் என்பது முன்னால் வந்து நிற்குமே என்று ஆத்திரமாக இருந்தது. ஓட்டலில் ஆவி கதவருகில் வந்து நின்றபோது, "கேப்டனைப் பத்திக் கேட்காதீங்க, எனக்கு வாயில நல்ல வார்த்தை வராது," என்றாள். நடந்ததைச் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னை வெச்சு இவ்வளவு கலாட்டாவா?" என்றார். பிறகு, "போறதுன்னா எப்படிப் போறாருன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சாக்கா?" என்று கேட்டார்.

சொல்லவில்லைதான். அந்தக் கேள்வி அக்காவைக் குடைந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், வீடு எழுந்திருப்பதற்கு முன்னால், ஜன்னலோரம் உட்கார்ந்து நூறு பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தாள்.

கடைசிப் பக்கத்தில் கேப்டன் கடலுக்குத்தான் போகிறான். மருமகள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. நீர் ஏறுகிறது; அவன் படியில் உட்கார்ந்து தன் பூட்ஸைக் கழற்றி வைக்கிறான்; வெறுங்காலோடு தண்ணீருக்குள் நடக்கிறான். டாக்டரம்மா வாசலில் நிற்கிறாள். அலை படி வரை வந்து திரும்புகிறது. பூட்ஸ் அங்கேயே இருக்கிறது. அவள் அதை எடுத்துக் கதவுக்கு உள்பக்கம் வைக்கிறாள். புத்தகம் முடிகிறது.

அக்கா தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டாள். இரண்டாம் பாகத்திலேயே சொல்லியிருக்கிறதே. மூழ்கினவனுடைய பொருள் எதுவும் கரையில் தங்காது. அவன் போனதும் ஒரு பொத்தானைக்கூடக் கடல் விட்டுவைக்காது. இத்தனை வருஷமாக அவன் விட்டுப்போன ஒவ்வொன்றும் அவள் கண் முன்னாலேயே உப்பாகக் கரைந்திருக்கிறது. இப்போது பூட்ஸ் கரையவில்லை. அப்படியென்றால் அவன் இனிமேல் கடலுக்குச் சொந்தமானவன் இல்லை. பூட்ஸைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வரப் போகிற மனுஷன். வேலைக்குப் போய்விட்டு வருவது போல வரப் போகிறான்.

இதைத்தான் போய்விட்டான் என்று சொன்னாளா அந்த மகராசி? அக்காவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஒரு முடிவைக் கெடுப்பதே பாவம். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு கெடுப்பதை என்னவென்று சொல்ல?

அன்று காலை மருமகள் டீயோடு வந்தாள். இந்த முறை பயிற்சிக் குரல் இல்லை. "மன்னிச்சிடுங்க அத்தை," என்றாள்.

"எதுக்கு?"

"கண் டாக்டர்னு பொய் சொன்னதுக்கு."

"அது ரெண்டாவது."

"உங்களைக் கேட்காம புத்தகத்தை எடுத்ததுக்கு."

"அது மூணாவது."

மருமகள் டீத் தட்டைக் கை மாற்றிப் பிடித்தாள். "முடிவைச் சொன்னதுக்கு."

"ம். அதையும் தப்பாச் சொன்னே."

"தப்பா? அப்ப அவர் போகலையா? நான் படிச்சேனே அத்தை, தண்ணிக்குள்ள இறங்கறாரே." அவள் உண்மையிலேயே குழம்பிப்போனாள். டீ வைத்த தட்டோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "செருப்பையெல்லாம் கழட்டி வெச்சுட்டுப் போறாரே. சாகப் போறவங்கதான அப்படிப் பண்ணுவாங்க?"

"ஆறாம் பாகத்துல, அதுவும் கடைசிப் பக்கத்துல ஆரம்பிச்சா உனக்கு அப்படித்தான் தெரியும்."

"அப்ப என்னன்னு நீங்க சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். ஒண்ணுலேர்ந்து படி."

"உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு. தர மாட்டேன். லைப்ரரியில போய் எடுத்துக்க. என் அலமாரியில இருக்கறதை இனிமே நீ தொடக்கூடாது." டீயை வாங்கிக்கொண்டாள். அதைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அவளுக்கு வன்மம் கிடையாது.

மகன் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் மேலே போன பிறகு, ஓட்டல் அடித்தளத்துக்கு வந்து நின்றான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

"சர்வீஸ் லிஃப்ட் பார்க்க வந்தேன்," என்றான்.

"இங்க இருக்கறது உங்க கம்பெனி லிஃப்ட் இல்லையே."

"இல்லதான்."

அக்கா மேசையில் இருந்த பெரிய விரிப்பின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கி, இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். இழுத்துப் பிடித்தார்கள், பாதியாக மடித்தார்கள்.

"அந்தப் பின்னட்டையைப் படிச்சதும் எனக்குத்தாம்மா ஒரு மாதிரி ஆயிடுச்சு," என்றான். "செத்தவன் வாசல்ல வந்து நின்னான்னு போட்டிருந்துச்சு. அப்பா வந்து நின்னா என்ன பேசுவேன்னு யோசிச்சேன். எனக்கு ஒண்ணுமே தோணல. ஒரு வார்த்தைகூட. அது பயமா இருந்துச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அதுக்கு என்னைக் கொண்டுபோய் உட்கார வெச்சியா?"

"ம்."

"நீ எதுக்குப் பேசணும்? அவரே பேசுவாரு. வேலை எப்படிப் போகுதுன்னு கேட்பாரு. நீ பதில் சொல்றதுக்குள்ள தூங்கிடுவாரு."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். விரிப்பின் ஒரு மூலை கையிலிருந்து நழுவித் தரையில் பட்டது. வேறு யாராக இருந்தாலும் அக்கா நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவனை அழ விட்டுவிட்டு, அவனுக்கு எதிர் முனையைப் பிடித்தபடி நின்றாள்.

"கோபம் போயிடுச்சாம்மா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்.

"எங்க போகும்? இன்னும் அப்படியேதான் இருக்கு. அவ மேல ஒரு மாசத்துக்கு இருக்கும். உன் மேல எவ்வளவு நாளைக்குன்னு இன்னும் முடிவு பண்ணல."

"சரி."

"அழுக்காயிடுச்சு, அதை அந்தக் கூடையில போடு. இதைப் பிடி." அடுத்த விரிப்பை உதறினாள். "உங்க அப்பா முதல் முதலா தனியா வண்டி ஓட்டின அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்று தலையசைத்தான். அவள் சொல்ல ஆரம்பித்தாள். கேன்டீனுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, இயந்திரங்கள் ஓடத் தொடங்கி, அறை பழையபடி இரைந்த பிறகும், அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் மூலைகளைச் சேர்த்துச் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தான்.